கதவிலக்கமும் கடவுச்சீட்டும்

வெளிநாட்டவர் ஒருவர் இந்தியாவில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அவருடைய விசா வரையறுக்கிறது. அந்த நாட்களை அவர் எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்தக் கதவிலக்கத்தில் கழிக்கிறார் என்பதை அரசுக்குத் தெரிவிக்கும் கடமையோ அவர்மீதும், அவருக்கு இடம் கொடுத்தவர்மீதும் தனியாகச் சுமத்தப்பட்டிருக்கிறது. விசா பேசப்படும் அளவுக்கு இந்த இரண்டாவது கடமை பேசப்படுவதில்லை. முகவரியைத் தெரிவிக்கத் தவறி, விசாவை நீட்டிக்கவோ நாட்டைவிட்டு வெளியேறவோ விண்ணப்பிக்கும்போது சிக்கிக்கொள்பவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், இதுவரை இந்தத் துறையை ஆண்டுவந்த நான்கு சட்டங்களை, அதாவது 1920ஆம் ஆண்டின் கடவுச்சீட்டு (இந்தியாவுக்குள் நுழைதல்) சட்டம், 1939ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் பதிவுச் சட்டம், 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம், 2000ஆம் ஆண்டின் குடியேற்றம் (போக்குவரத்து நிறுவனங்களின் பொறுப்பு) சட்டம் ஆகியவற்றை, நீக்கிவிட்டு அவற்றின் இடத்தில் தான் ஒன்றாக அமர்ந்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் இந்தச் சட்டம் குறித்து எழுந்த விவாதம் பெரும்பாலும் எல்லைப் பாதுகாப்பையும் தண்டனைகளையும் சுற்றியே நடந்தது. ஆனால் எல்லையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் நின்று பார்த்தால் இச்சட்டத்தின் மையம் வேறிடத்தில் இருப்பது தெரிகிறது: யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்ற கேள்வியில்.

திருநெல்வேலி டவுணில் வெளிநாட்டவர் என்றால், ரத வீதியில் இறங்கி நெல்லையப்பர் கோயிலைப் பார்த்துவிட்டு அன்று மாலையே ரயிலேறிவிடும் சுற்றுலாப் பயணிகள்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். சட்டம் கவலைப்படுவது அவர்களைப் பற்றி அன்று. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் பணிபுரியும் ரஷ்ய வல்லுநர்கள், லண்டனிலோ கோலாலம்பூரிலோ பிறந்து அந்நாட்டுக் கடவுச்சீட்டுடன் பாளையங்கோட்டையில் தாத்தா பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கும் பேரப்பிள்ளைகள், ஓய்வுபெற்றபின் சொந்த ஊருக்குத் திரும்பிய, ஆனால் இந்தியக் குடியுரிமையை எப்போதோ விட்டுவிட்ட முதியவர்கள், சேரன்மகாதேவி செல்லும் வழியிலுள்ள கோபாலசமுத்திரத்தில் முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்கள் ஆகிய எல்லோரும் சட்டத்தின் மொழியில் வெளிநாட்டவரே. ஆனால் இவர்களுடைய முகவரியை அரசு கேட்கும் விதம் ஒவ்வொருவருக்கும் வேறு. யாருடைய முகவரியை அரசு மிக நுணுக்கமாக அறிந்துவைத்திருக்கிறதோ அவர்களுக்கே அந்த முகவரியால் கிடைக்கும் பயன் மிகக் குறைவாக இருக்கிறது.

பதினான்கு நாட்கள்

பொதுவான விதியை முதலில் பார்க்கலாம். வேலை, கல்வி, ஆராய்ச்சி, மருத்துவம் முதலிய காரணங்களுக்காக 180 நாட்களுக்கு மேற்பட்ட காலத்துக்கு விசா பெற்று வருபவர், வந்திறங்கிய 14 நாட்களுக்குள் தமது பகுதிக்குரிய பதிவு அலுவலரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதே நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு. பெருநகரங்களில் இதற்கென மத்திய அரசின் குடியேற்றப் பணியகத்தைச் சேர்ந்த வட்டார அலுவலகம் உண்டு. தமிழ்நாட்டில் அது சென்னை நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில், சாஸ்திரி பவனில் இயங்குகிறது. மாவட்டங்களில் பெரும்பாலும் காவல் கண்காணிப்பாளரே வெளிநாட்டினர் பதிவு அலுவலர் என்ற பொறுப்பையும் சேர்த்து வகிக்கிறார். குற்றம், சட்டம் ஒழுங்கு, போக்குவரத்து எல்லாவற்றையும் பார்க்கும் அதே அலுவலகத்தில் ஒரு மேசை வெளிநாட்டவருக்கானது என்பது, இந்தப் பதிவை நிர்வாகம் எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறது.

2018இல் இந்த நடைமுறை இணையத்துக்கு மாற்றப்பட்டது. அதுவரை நேரில் போய் வரிசையில் நின்று முத்திரை பெற வேண்டியிருந்த பதிவு, விசா நீட்டிப்பு, முகவரி மாற்றம், வெளியேறும் அனுமதி ஆகியவை இணையவழிப் பதிவுத் தளத்தின் மூலம் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கக்கூடியவை ஆயின. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் என்பதை வைத்துப் பார்த்தால் இது சிறிய நன்மை அன்று. ஆனால் இணையம் கேட்கும் சான்றுகள் பழையவைதாம்: வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வீட்டு உரிமையாளர் தாக்கல் செய்த படிவத்தின் நகல். டவுணின் பழைய தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு கதவிலக்கங்கள் இருப்பதும், மின்கட்டண ரசீது இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இன்னும் வந்துகொண்டிருப்பதும் உள்ளூரில் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் மூன்று ஆவணங்களிலும் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஒரு கணினித் தளத்துக்கு அவை பெரிய முரண்பாடுகள்.

உரிமையாளர் தாக்கல் செய்யும் படிவம் என்பது சி படிவம் என்று பொதுவாக அறியப்படுவது. விடுதி நடத்துபவர், விருந்தினர் இல்லம் வைத்திருப்பவர், மடமோ சத்திரமோ நடத்துபவர், வெளிநாட்டவரைத் தம் வீட்டில் தங்கவைக்கும் தனிநபர் என யாராக இருந்தாலும், வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய பெயர், நாடு, கடவுச்சீட்டு, விசா விவரங்களை இணையத்தில் அனுப்ப வேண்டும். சந்திப்பு ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜ் மேலாளர்களுக்கு இது பழகிய வேலை. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட மகன் விடுமுறைக்கு வரும்போது தந்தையும் சட்டப்படி இதே கடமைக்கு உட்பட்டவராகக்கூடும் என்பது பெருமாள்புரத்திலோ என்.ஜி.ஓ. காலனியிலோ எத்தனை வீடுகளுக்குத் தெரியும் என்பது கேள்விக்குரியது. புதிய சட்டம் இந்தக் கடமையை விரித்து, பல்கலைக்கழகங்களும் கல்வி நிறுவனங்களும் தங்களிடம் சேரும் வெளிநாட்டு மாணவர்களைப் பற்றியும், மருத்துவமனைகள் தங்களிடம் சிகிச்சை பெறும் வெளிநாட்டவரைப் பற்றியும் தகவல் தரவேண்டும் என்பதைச் சட்டத்தின் உடலிலேயே எழுதிவைத்திருக்கிறது. விசாக் காலம் கடந்து தங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமும், செல்லத்தக்க கடவுச்சீட்டும் விசாவும் இன்றி நுழைவோருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமிருக்கிறது. தாம் வெளிநாட்டவர் அல்லர் என்று நிரூபிக்கும் பொறுப்பு, 1946ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்ததைப் போலவே, சம்பந்தப்பட்டவர்மீதே இருக்கிறது.

அச்சத்தின் கால அட்டவணை

வந்தவர் தம் முகவரியைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. முதலில் அது வெள்ளையர்மீதுதான் பாய்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், அதன் உரிமச் சீட்டு இல்லாமல் வந்து தங்கும் ஐரோப்பியர் திருப்பி அனுப்பப்படக்கூடியவராக இருந்தார். வணிகத்தில் போட்டிக்கு ஆள் வந்துவிடக் கூடாது என்பதும், சமயப் பிரசாரம் கலகத்தை மூட்டிவிடக் கூடாது என்பதும் கம்பெனியின் கவலைகள். 1813ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் மிஷனரிகள் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வழிவிட்டது. பிரஷ்யாவில் பிறந்த மிஷனரி ரேனியஸ் 1814இல் சென்னைக்கு வந்ததும், 1820இல் பாளையங்கோட்டையில் குடியேறி 1838இல் அங்கேயே மறைந்ததும் இந்த மாற்றத்தின் நிழலில் நிகழ்ந்தவை. 1833ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது ஒரு நிபந்தனையை மட்டும் வைத்துக்கொண்டது: வந்திறங்குபவர் தம் பெயர், போய்ச்சேரும் இடம், வந்த நோக்கம் ஆகிய மூன்றையும் சுங்க அதிகாரியிடம் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். 1838இல் சென்னையில் இறங்கி 1841இல் இடையன்குடிக்குப் போய் அரை நூற்றாண்டு தங்கிய மிஷனரி கால்டுவெல் இந்த நிபந்தனைக் காலத்தின் மனிதர். இன்றைய இணையப் படிவத்தின் முதன்மையான கேள்விகளும் ஏறக்குறைய அந்த மூன்றுதான்.

அதன்பின் ஒவ்வொரு சட்டத்துக்கும் பின்னால் ஓர் அச்சம் இருந்திருக்கிறது. 1857 கிளர்ச்சியின் நினைவு ஆறாத நேரத்தில் வந்தது 1864ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம். வெளிநாட்டவரை நாட்டைவிட்டு வெளியேற்றும் அதிகாரத்தை அது அரசுக்குத் தந்தது. இரண்டாம் உலகப்போர் மூளும் தறுவாயில் இயற்றப்பட்டது 1939ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பதிவு அலுவலர், பதிவுச் சான்றிதழ், முகவரி மாற்றத்தைத் தெரிவித்தல் என்ற முழு இயந்திரமும் அதன் விதிகளில்தான் பிறந்தது. அந்த விதிகளின்படி, பதிவு செய்துகொண்ட வெளிநாட்டவர் தம் முகவரியை மாற்றுவதற்கு முன்போ, தொடர்ந்து எட்டு வாரமோ அதற்கு மேலோ வெளியே தங்கப் போவதற்கு முன்போ பதிவு அலுவலரிடம் தெரிவிக்க வேண்டியிருந்தது. வேறொரு மாவட்டத்தில் ஏழு நாட்களுக்கு மேல் தங்கினால் அங்குள்ள பதிவு அலுவலருக்கும் தகவல் தரவேண்டியிருந்தது. எதிரி நாட்டு உளவாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இவ்விதிகள், போர் முடிந்து எண்பது ஆண்டுகள்வரை ஆராய்ச்சி மாணவர்களையும் யோகா பயில வந்தவர்களையும் ஆண்டன. மாவட்டம் என்ற எல்லையே நிலையானதன்று என்பது வேறு விஷயம். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது, குற்றாலத்திலோ கடையநல்லூரிலோ குடியிருந்த வெளிநாட்டவர் எவரும் வீட்டை மாற்றாமலே மாவட்டம் மாறினர்.

வெளிநாட்டவர் என்ற சொல்லின் எல்லையும் இப்படி நகர்ந்ததுதான். பிரிட்டிஷ் பேரரசின் பிரஜைகள் தொடக்கத்தில் இச்சட்டங்களுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தனர். 1957ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகே இந்தியக் குடிமகன் அல்லாத எவரும் வெளிநாட்டவர் என்ற இன்றைய வரையறை வந்தது. கொழும்பு நகரில் கடை வைத்திருந்த நெல்லைச் சீமை வணிகர்களும், இலங்கைத் தோட்டங்களில் கூலிக்குப் போன குடும்பங்களும் ஒரு தலைமுறைக்குள் இரண்டு நாடுகளின் சட்டங்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டதற்கு இதுபோன்ற வரையறை மாற்றங்களே காரணம்.

தொகுப்பு முகவரி, மின்னஞ்சல் முகவரி

முகவரி விதி எளிதாக நிறைவேறும் இடம் ஒன்று உண்டென்றால் அது ராதாபுரம் வட்டாரத்திலுள்ள செட்டிகுளம். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவாகக் கூடங்குளத்தில் 2002இல் கட்டுமானம் தொடங்கியது. அதற்கென எழுந்த அணுவிஜய் நகரியத்தில் ரஷ்யக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வசித்துவருகின்றன. முதல் அலகு 2013 அக்டோபரில் மின் தொகுப்போடு இணைந்தது. இரண்டாம் அலகும் இயங்குகிறது. மற்ற அலகுகளின் கட்டுமானம் தொடர்வதால் ரஷ்யர்களின் குடியிருப்பும் தொடர்கிறது. இங்கே வீட்டுக்காரர், பணியளிப்பவர், உத்தரவாதம் தருபவர் எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறுவன அமைப்பு என்பதால், தனி மனிதர் ஒருவர் வாடகை ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய அவசியம் குறைவு. அரசுக்கு வேண்டிய வெளிநாட்டவருக்கு அரசின் விதிகள் கனமாக இருப்பதில்லை.

அதே அணுமின் நிலையத்தின் பெயரால் எதிர்ப்பக்கக் காட்சியும் ஒன்று நடந்தது. அணு உலைக்கு எதிரான போராட்டம் உச்சத்தில் இருந்த 2012 பிப்ரவரியில், நாகர்கோவிலில் ஒரு விடுதியில் தங்கியிருந்த ஜெர்மானியர் ஒருவர், அணு உலை எதிர்ப்பாளர்களோடு தொடர்பு வைத்திருந்தார் என்ற காரணத்தால் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். அவர் ஒளிந்திருக்கவில்லை. விடுதியில், தம் பெயரிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார். முகவரியைத் தருவது வெளிநாட்டவருக்கு எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை. அரசு தேடும்போது அவர் கிடைப்பார் என்பதற்கு மட்டுமே அது உறுதி.

இன்னொரு முனையில் இருப்பவர்கள், ஓ.சி.ஐ. எனப்படும் கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருப்பவர்கள். பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் இது குடியுரிமை அன்று; வாழ்நாள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து எவ்வளவு காலமும் தங்கலாம் என்ற உரிமையைத் தரும் ஏற்பாடு மட்டுமே. 2005ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தால் இது விரிவுபெற்றது. தனியே இருந்த இந்திய வம்சாவளியினர் அட்டை 2015 ஜனவரி 9 முதல் இதனோடு இணைக்கப்பட்டது. இவர்கள் எத்தனை ஆண்டு தங்கினாலும் பதிவு அலுவலரிடம் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் 2021 மார்ச் 4 அன்று உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, இந்தியாவில் வழக்கமாக வசிக்கும் ஓ.சி.ஐ. அட்டைதாரர் தம் நிரந்தர முகவரியோ தொழிலோ மாறும்போதெல்லாம் உரிய பதிவு அலுவலருக்கு மின்னஞ்சல் மூலம் தெரிவிக்க வேண்டும் என்றது. மிஷனரிப் பணி, இதழியல், ஆராய்ச்சி போன்றவற்றுக்குச் சிறப்பு அனுமதி வேண்டும் என்று அதே அறிவிக்கை சொன்ன பகுதி பெரிதாக விவாதிக்கப்பட்டது. முகவரி பற்றிய பகுதியைப் பலர் கவனிக்கவே இல்லை. டவுணிலிருந்து வண்ணார்பேட்டைக்கு வீடு மாறிய ஓய்வுபெற்ற மலேசியக் குடிமகனுக்கு எரிவாயு இணைப்பை மாற்ற வேண்டும் என்பது நினைவிருக்கும். பதிவு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்பது நினைவிருக்க வாய்ப்பு குறைவு.

இந்த விதிகள் இந்தியாவுக்கு மட்டும் உரியவை என்று கருதவேண்டியதில்லை. அமெரிக்காவில் குடியுரிமை இல்லாதவர் வீடு மாறிய பத்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஜப்பானில் அதற்குப் பதினான்கு நாள். தாய்லாந்தில் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தருவதோடு, நீண்டகாலம் தங்குபவர் 90 நாட்களுக்கு ஒருமுறை தம் முகவரியை மறுபடியும் உறுதிசெய்ய வேண்டும். பிரிட்டன் காவல் நிலையப் பதிவை 2022 ஆகஸ்டில் கைவிட்டு, மின்னணு விசாக் கணக்கின் வழியே அதே விவரங்களைப் பெறும் முறைக்கு மாறியது. மேலப்பாளையத்திலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் இந்நாடுகளுக்குப் போயிருப்பவர்கள் அங்கே இந்த விதிகளைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள். ஊரிலுள்ள அவர்களுடைய உறவினர்கள் தங்கள் வீட்டுக்கு வரும் வெளிநாட்டவரைப் பற்றி அப்படி எண்ணுவதில்லை. உறவினர் எப்படி வெளிநாட்டவர் ஆவார் என்ற இயல்பான கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை.

வெளிப்பதிவு

1983 முதல் தமிழகத்துக்கு வந்த இலங்கைத் தமிழர்களின் எண்ணிக்கை 3,04,269 என்று 2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். அப்போதைய கணக்கின்படி 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர் 108 முகாம்களில் இருந்தனர்; 13,540 குடும்பங்களைச் சேர்ந்த 34,087 பேர் முகாம்களுக்கு வெளியே, காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு வாழ்ந்தனர். இந்த இரண்டாம் பிரிவினரைக் குறிக்க நிர்வாகமும் அவர்களும் ஒருசேரப் பயன்படுத்தும் சொல் ‘வெளிப்பதிவு’ என்பது. வெளிப்பதிவில் இருப்பவர் தம் சொந்தச் செலவில் வீடு பிடித்து வாழ்கிறார். அவருக்கு அரசின் உதவித்தொகை இல்லை. வீடு மாறினால் பழைய காவல் நிலையத்திலும் புதிய காவல் நிலையத்திலும் அது பதிவாக வேண்டும். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இந்தப் பதிவு கடுமையாயிற்று. அதுவரை தமிழ் பேசும் அண்டை வீட்டுக்காரராக இருந்தவர், அதன்பின் மாநில உளவுத்துறையின் கியூ பிரிவு போலீசாரின் கோப்பில் ஒரு பக்கமானார்.

முகாமில் இருப்பவரின் முகவரி இன்னும் உறுதியானது. முகாமின் பெயர், வீட்டு எண், குடும்ப அடையாள அட்டை எண் என அது வருவாய்த்துறையின் பதிவேட்டிலேயே இருக்கிறது. வருவாய் ஆய்வாளர் குறித்த நாட்களில் வந்து ஆட்களை நேரில் சரிபார்க்கும் கணக்கெடுப்பு, மாதந்தோறும் வழங்கப்படும் பணக்கொடையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. 2021 அறிவிப்பின்படி குடும்பத் தலைவருக்கு அந்தத் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 750இலிருந்து 1,000 ஆகவும், சிறுவர்களுக்கு 400இலிருந்து 500 ஆகவும் உயர்ந்தது. கட்டட வேலைக்கோ வண்ணம் பூசும் வேலைக்கோ வெளியூர் போயிருப்பவர் கணக்கெடுப்பு நாளுக்குள் திரும்ப வேண்டும். இந்த மாவட்டத்தில் வேறு எந்த வெளிநாட்டவரும், ரஷ்யப் பொறியாளரோ ஓ.சி.ஐ. முதியவரோ, இப்படி முறைவைத்துத் தலை எண்ணப்படுவதில்லை. அதே நாட்களில் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது; 7,469 புதிய வீடுகள் உட்பட 317 கோடி ரூபாய்த் திட்டமும் அறிவிக்கப்பட்டது. தகரக் கூரைகள் இருந்த இடத்தில் உறுதியான வீடுகள் எழுந்ததைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் வீடு மாறியதே தவிர, அதில் குடியிருப்பவரின் சட்ட நிலை மாறவில்லை.

அந்தச் சட்ட நிலை 2003ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலிருந்து வருகிறது. செல்லத்தக்க ஆவணமின்றி நுழைந்தவர் சட்டவிரோதக் குடியேறி என்றும், அத்தகையவர் பதிவின் மூலமோ இயல்புக் குடியுரிமையாகவோ இந்தியக் குடியுரிமை பெற முடியாது என்றும் அது வகுத்தது. இயல்புக் குடியுரிமை என்பது, விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டு தொடர்ந்தும், அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டுகளில் பதினோராண்டும் இந்தியாவில் வசித்தவருக்குத் தரப்படுவது. வசிப்பிடத்தை நிரூபிப்பதுதான் தகுதி என்றால், முப்பத்தைந்து ஆண்டுகளாக அரசே பராமரிக்கும் வருகைப் பதிவேட்டைவிடச் சிறந்த சான்று எவரிடமும் இருக்க முடியாது. ஆனால் படகில் வந்த நாளில் கையில் கடவுச்சீட்டு இல்லை என்ற ஒரே காரணத்தால், அதன்பின் வந்த எல்லா நாட்களும் கணக்கில் சேராமல் போகின்றன. முகாமில் பிறந்த பிள்ளைகளின் நிலை பிறந்த தேதியைப் பொறுத்தது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பதை ஏற்று, மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு தரவேண்டும் என்று 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த அவருடைய சமவயதினருக்கு அந்த வழி இல்லை.

2025இன் புதிய சட்டத்தோடு வெளியான விலக்களிப்பு ஆணை இந்த முடிச்சில் ஓர் இழையைத் தளர்த்தியிருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து அது விலக்களிக்கிறது. மைத்ரிபால சிறிசேன இலங்கை அதிபராகப் பொறுப்பேற்ற நாளும், ஓ.சி.ஐ. இணைப்பு நடந்த நாளும் அதுவே என்பது தற்செயலாகவும் இருக்கலாம். இந்த விலக்கின் உயிர்நாடி பதிவு என்ற சொல்லில் இருக்கிறது: 1991க்குப் பின் காவல் நிலையத்தில் பயந்துகொண்டே தம் முகவரியைக் கொடுத்தவருக்கு இன்று அந்தப் பக்கமே பாதுகாப்பு, அப்போது பதிவைத் தவிர்த்து உறவினர் வீடுகளில் தங்கிவிட்டவருக்கு இந்த விலக்கைக் கோர ஆவணம் இல்லை. தண்டனையிலிருந்து விலக்கு என்பது குடியுரிமைக்கான தகுதி ஆகுமா என்பது தனிக் கேள்வி. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளின் சிறுபான்மையினருக்குச் சட்டவிரோதக் குடியேறி என்ற அடையாளத்தையே வெளிப்படையாக நீக்கியது. இலங்கைத் தமிழருக்கு அப்படியொரு வாசகம் எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. 2025 மே மாதத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, உலகெங்குமிருந்து வருபவர்களை வைத்துக்கொள்ள இந்தியா ஒரு தர்மசாலை அல்ல என்ற கருத்தில் பேசியதையும் இங்கே சேர்த்தே பார்க்க வேண்டும்.

மத்திய அரசு நினைத்தால், குடியுரிமைச் சட்டத்தில் ஒரு வாசகத்தைச் சேர்ப்பதன் மூலம், பதிவேட்டில் இருக்கும் ஆண்டுகளை வசித்த ஆண்டுகளாக ஏற்கலாம். அதற்கு வேண்டிய கணக்கெடுப்பு எதையும் புதிதாக நடத்தத் தேவையில்லை. மண்டபத்திலும் கோபாலசமுத்திரத்திலும் மாநிலத்தின் மற்ற முகாம்களிலும், ஒவ்வொரு காவல் நிலையத்தின் வெளிப்பதிவுக் கோப்பிலும், யார் எந்த நாளில் எந்த முகவரியில் இருந்தார்கள் என்பது ஏற்கெனவே அரசின் கையெழுத்தில் இருக்கிறது.